கருவியும் காவலும்

வெள்ளி விழா மலர் என்றால் அதில் பள்ளியின் வரலாறும், விடுதியின் வரலாறும், பட்டம் பெற்றோர் பட்டியலும் இடம்பெறுதல் மரபு. அவை இம்மலரிலும் உள. நாம் இக்கட்டுரையில் கூறப் புகுவது வேறொரு வரலாறு. அது உழைக்கும் கையின் வரலாறு. அக்கை பிடித்த விசைக் கருவியின் வரலாறு. அக்கருவிக்கு இடப்பட்ட காவலின் வரலாறு.

நம் கழகம் தொடங்கிய நாளில் முதலில் நடத்தியது இரவுப் பள்ளி. பகலெல்லாம் உழைத்த முதியோர் அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து தம் பெயரை எழுதக் கற்றனர். பெருவிரல் ரேகையிலிருந்து கையெழுத்துக்கு வருவதே அன்று நாம் எண்ணிய முதற்படி. அம்முதியோரின் பேரப் பிள்ளைகள் இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்று, பற்றவைப்பவராகவும் தச்சராகவும் மின்பணியாளராகவும் கல் பதிப்பவராகவும் ஊர் ஊராய்ச் சென்று உழைக்கின்றனர். பட்டறையில் ஒரு டிரில்லிங் மெஷினும், ஒரு கிரைண்டிங் மெஷினும், ஒரு ரம்பமும் இருந்தால் ஒரு குடும்பம் தலை நிமிர்கிறது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே.

ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லாதிருத்தல் இயலாது. நம் இளைஞர் ஒருவர், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர், கட்டடம் ஒன்றில் ஜன்னல் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார். சிறிய கிரைண்டிங் மெஷினில் அதற்குரியதைவிடப் பெரிய வட்டு பொருத்தப்பட்டிருந்தது. பெரிய வட்டு உள்ளே செல்ல வேண்டுமென்பதற்காக அதன் காப்புக் கவசம் முன்பே கழற்றப்பட்டிருந்தது. வட்டு உடைந்தது. வலக்கையின் இரு விரல்கள் போயின. ஒப்பந்தக்காரர் மருத்துவச் செலவுக்கென ஒரு தொகையைக் கொடுத்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று எழுதிய தாளை நீட்டினார். வலக்கையில் கட்டு. எனவே, படித்த அந்த இளைஞர் இடக்கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார். அவருடைய பாட்டனார் நம் இரவுப் பள்ளியில் எழுதக் கற்றவர்.

அன்று ஒப்பந்தக்காரர் சொன்ன காரணம் ஒரே சொல்: கவனக்குறைவு. நாமும் அதை நம்பினோம். கவசத்தைக் கழற்றியவர் யார், பெரிய வட்டை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று நம்மில் எவரும் கேட்கவில்லை. அச்சொல்லின் வரலாறு நமக்கு அப்போது தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

ஆலைகளில் தொடங்கிய வழக்கு

விசையால் இயங்கும் எந்திரத்தின் கதை இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் தொடங்குகிறது. முதலில் நீர்ச் சக்கரமும், பின்னர் நீராவி எந்திரமும் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றின. ஆலையின் கூரையிலும் தரையடியிலும் ஓடிய அத்தண்டிலிருந்து தோல் பட்டைகள் ஒவ்வொரு எந்திரத்துக்கும் விசையைக் கொண்டு சென்றன. ஒருவர் ஆடை சிக்கினால் அவர் பொருட்டு ஆலை முழுவதும் நின்றுவிடாது. தண்டு சுழன்றுகொண்டே இருக்கும்.

அவ்வெந்திரங்களின் அருகே நிறுத்தப்பட்டவர்கள் யார்? கேட்பாரற்ற அனாதைச் சிறுவரே பலர். ராபர்ட் பிளின்கோ என்னும் சிறுவன் 1799-ஆம் ஆண்டு இலண்டனின் அனாதை விடுதியிலிருந்து நாட்டிங்காம் அருகிலுள்ள ஆலைக்கு அனுப்பப்பட்டவன். அவனுடைய வாழ்க்கை வரலாறு 1832-இல் நூலாக வெளிவந்தது. அந்நூலில் மேரி ரிச்சர்ட்ஸ் என்னும் பத்து வயதுச் சிறுமியின் கதை உண்டு. எந்திரத்தின் அடியில் சுழன்ற தண்டில் அவளுடைய மேலாடை சிக்க, தண்டு அவளையும் சேர்த்துச் சுற்றியது. உயிர் பிழைத்தாள், முடமானாள். தண்டைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடிக்கப்பட்டிருந்தால் இது நேர்ந்திராது. பெட்டி அடிக்கும் செலவு சிறிது. ஆனால் அனாதைக்காகச் செலவு செய்வார் யார்?

1833-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டன் முழுமைக்கும் நான்கு தொழிற்சாலை ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். 1844-ஆம் ஆண்டுச் சட்டம், ஓடும் எந்திர உறுப்புகளைச் சுற்றி வேலி அமைத்தல் வேண்டும் என்று முதன்முதலாகக் கட்டளையிட்டது. எந்திரம் ஓடும்போது சிறுவர்கள் அதைத் துடைத்தல் கூடாது என்றும் விதித்தது. ஆலை முதலாளிகள் வாளாவிருந்தனரா? இல்லை. ஆய்வாளர் லியோனார்ட் ஹார்னர் போன்றோர் இவ்விதியைக் கண்டிப்புடன் செயற்படுத்த முற்பட்டபோது, 1855-இல் மான்செஸ்டரில் முதலாளிகள் ஒன்றுகூடி, வேலி விதியை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். வேலி தேவையற்ற செலவு, விபத்துகள் தொழிலாளரின் கவனக்குறைவால் நேர்கின்றன என்பது அவர்தம் வாதம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழ் அச்சங்கத்துக்குத் தொழிலாளரைச் சிதைக்கும் சங்கம் என்னும் பொருள்படக் கேலிப் பெயர் சூட்டியது. ஆயினும் 1856-இல் சட்டம் தளர்த்தப்பட்டது. அத்தளர்வை நீக்க மீண்டும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

நம் ஒப்பந்தக்காரர் கூறிய அதே சொல் அன்று மான்செஸ்டரிலும் ஒலித்தது என்பதை இளைஞர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். தொழிலாளி களைப்பால் கண் அயர்வது உண்மை. ஒரு நொடி கவனம் பிறழ்வதும் உண்மை. மனிதர் கவனம் பிறழ்வர் என்று அறிந்தே எந்திரத்துக்குக் காவல் இடப்படுகிறது. கவனம் ஒருபோதும் பிறழாது என்றால் காவலே தேவையில்லை அன்றோ?

இந்தியாவில் எழுந்த குரல்

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ உழைக்கும் விசை ஆலைகளுக்கே அது பொருந்தியது. ஏழு வயதுக் குழந்தையையும் வேலைக்கு அமர்த்தலாம் என்று இடம் தந்தது அச்சட்டம். எனினும் ஆபத்தான எந்திரங்களுக்கு வேலி வேண்டும் என்னும் கருத்து அதில் இடம்பெற்றது.

தொழிலாளரின் சொந்தக் குரல் எழுந்தது 1884-இல். மகாத்மா ஜோதிபா பூலேயின் சத்திய சோதக இயக்கத்தைச் சார்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே, பம்பாயில் ஆலைத் தொழிலாளரைக் கூட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட கோரிக்கை மனு ஒன்று அளிக்கப்பட்டது. வார விடுமுறை, நண்பகல் ஓய்வு ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் அதில் இருந்தது. வேலையில் பெருங்காயமுற்றவர்க்கு அவர் குணமாகும் வரை முழுக் கூலி தருதல் வேண்டும்; வாழ்நாள் முழுதும் ஊனமுற்றால் அவர் பிழைப்புக்கு வழி செய்தல் வேண்டும் என்பதே அது. சாதிக் கொடுமையை எதிர்த்த இயக்கத்திலிருந்து வந்த மனிதரே உடைந்த கைக்காகவும் முதலில் பேசினார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி.

அக்கோரிக்கை சட்டமாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளியே நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும் என்னும் பழைய நிலையை அது மாற்றியது. வேலையினால், வேலையின்போது காயம் நேர்ந்தால் இழப்பீடு உண்டு. அச்சட்டத்தின் அட்டவணை, ஒவ்வோர் உறுப்பின் இழப்பும் உழைக்கும் ஆற்றலில் எத்தனை விழுக்காட்டுக் குறைவு என்று கணக்கிட்டுக் காட்டியது. கட்டை விரல் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுவதும் 14. நடு விரல் 12. மோதிர விரலும் சிறு விரலும் தனித்தனியே 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. கட்டை விரல் ஒன்றே, மூன்று விரல்களை இழப்பதற்குச் சமமாக வைக்கப்பட்டுள்ளது. பெருவிரலைத் தட்சிணையாகக் கொடுத்த ஏகலைவன் கதையை நம் மக்கள் மறப்பதில்லை. பெருவிரலின் விலை யாதென்பது நமக்குப் பழங்காலம் முதலே தெரியும்.

கருவி மறுக்கப்பட்ட கை

இங்கு மற்றொரு செய்தியும் கூறப்படல் வேண்டும். எந்திரம் சாதி பாராது என்பர். ஆனால் எந்திரத்தின் அருகே யாரை நிறுத்துவது என்பதில் சாதி இருந்தது. பம்பாய் ஆலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் சேர்க்கப்படவில்லை. நாடாவில் நூல் தீர்ந்து புதிய நூற்குழல் பொருத்தும்போது, நெசவாளர் நாடாவின் சிறு துளையில் வாய் வைத்து நூல் முனையை உறிஞ்சி எடுப்பது அன்றைய வழக்கம். ஒருவர் வாய் வைத்த நாடாவில் மற்றவர் வாய் வைத்தால் தீட்டு என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. எனவே நம் மக்கள் கூலி குறைந்த நூற்புப் பிரிவுகளிலேயே நிறுத்தப்பட்டனர். 1928, 1929-ஆம் ஆண்டுகளின் வேலை நிறுத்தக் காலத்தில் அண்ணல் அம்பேத்கர் இவ்வநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் எடுத்துரைத்தார். உண்மையில், நாடாவில் வாய் வைத்து உறிஞ்சுவது பஞ்சுத் தூசியையும் நோயையும் உடலுக்குள் ஏற்றும் தீய பழக்கம். மாற்ற வேண்டியது அந்த நாடாவை, ஒதுக்கப்பட்டதோ மனிதர்.

அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் தொழில் துறை உறுப்பினராக விளங்கினார். தொழிற்சாலைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் தலைமை ஆலோசகர் அலுவலகம் 1945-இல், அவர் பொறுப்பிலிருந்த காலத்தில், நிறுவப்பட்டது. 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். அதனை 48 மணி நேரமாகக் குறைத்தது 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். வேலை நேரம் குறைப்பது ஓய்வுக்காக மட்டுமன்று. களைத்த கைதான் முதலில் வெட்டுப்படுகிறது. ஆகவே அச்சட்டமும் ஒரு காப்புக் கவசமே. ஒடுக்கப்பட்ட மாணவர் உயர்கல்வி பயில உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியதும் அவர் முயற்சியின் பயனே. அறிவியலும் தொழில்நுட்பமும் நம் இளைஞர்க்குக் கிடைத்தல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், எந்திரங்களுக்கு வேலி, கண்ணுக்குக் காப்பு, ஓடும் எந்திரத்தின் அருகே செல்பவர்க்கு முதலாளி தன் செலவில் அளிக்க வேண்டிய இறுக்கமான ஆடை ஆகியவற்றை விரிவாக வகுத்தது.

கைக்கு வந்த மின்விசை

இத்துணைச் சட்டங்களும் ஓரிடத்தில் நிற்கும் எந்திரத்தை மனத்திற் கொண்டு எழுந்தவை. இதற்கிடையே எந்திரம் தன் இடத்தைவிட்டு மனிதன் கைக்கு வந்துவிட்டது.

1889-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் அர்னாட், பிரெயின் என்னும் இருவர் மின்சாரத்தால் துளையிடும் கருவிக்கு உரிமை பெற்றனர். பாறையையும் நிலக்கரியையும் துளைப்பதற்காக அமைந்தது அது. 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லத்தக்க மின் துளைப்பானைச் செய்தது. 1917-இல் அமெரிக்காவின் பிளாக், டெக்கர் என்னும் இருவர் கைத்துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் உடைய துளைப்பானுக்கு உரிமை பெற்றனர். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். இன்று நாம் பிடிக்கும் டிரில்லிங் மெஷினின் வடிவம் அதுவே. விரலை எடுத்தவுடன் கருவி நிற்கும் என்பது வெறும் வசதியன்று. பாதுகாப்பின் முதல் விதியும் அதுவே. 1954-இல் ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் அதிவேகக் கோண கிரைண்டரைக் கொண்டுவந்தது. நம் பட்டறைகளில் கிரைண்டிங் மெஷின் என்றும் கட்டிங் மெஷின் என்றும் வழங்குவது அதன் வழித்தோன்றலே.

இதனால் விளைந்த மாற்றம் பெரிது. ஆலைத் தண்டைச் சுற்றி வேலி அமைத்தவர் பொறியாளர். அதைச் சரிபார்த்தவர் ஆய்வாளர். கைக்கருவியின் வேலியோ ஒரு திருகாணியில் நிற்கிறது. அதை எவரும் ஒரு நிமிடத்தில் கழற்றலாம். எந்த ஆய்வாளரும் ஏணி மேலும் சாரத்தின் மேலும் ஏறி வந்து பார்ப்பதில்லை. ஆகவே முன்னோர் வென்றெடுத்த காவலைக் காப்பது இப்போது கருவி பிடித்தவன் கடமையாகிறது.

கருவி இயங்கும் முறை

காவலின் தேவை கருவி இயங்கும் முறையை அறிந்தால்தான் விளங்கும். நான்கு அங்குல கிரைண்டிங் மெஷினின் வட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. கணக்கிட்டால் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதே கருவியில் ஏழு அங்குல வட்டைப் பொருத்தினால் விளிம்பின் வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரைத் தாண்டும். ஆனால் அவ்வகை வட்டுகள் நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் வேகத்தையே தாங்குமாறு செய்யப்படுகின்றன. அதனாலேதான் ஏழு அங்குல வட்டின் மேல் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் படித்து, கருவியின் மேலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். நம் இளைஞரின் விரல்கள் போன காரணம் அவ்விரு எண்களுக்கு இடையில் உள்ளது. எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பது பட்டறையிலும் மெய்யே.

அதே மெஷினில் மரம் அறுக்கும் பல்வட்டைப் பொருத்துவதும் பெருகியுள்ளது. பல் மரத்தில் கடித்துக்கொண்டால் கருவி பின்னோக்கி, பிடித்தவரின் முகத்தையோ தொடையையோ நோக்கித் துள்ளும். மேசை ரம்பத்திலும் இந்த ஆபத்து உண்டு. அறுபட்ட பலகையின் இரு பக்கமும் நெருங்கி ரம்பத்தைப் பிடித்துக்கொண்டால், பலகை திருப்பி எறியப்படும். அதைத் தள்ளிய கை ரம்பத்தின் மேல் விழும். அறுபட்ட இடைவெளி மூடாதபடி ரம்பத்தின் பின்னே நிற்கும் சிறு தகடே இதற்கு மாற்று. பிரிட்டனில் 1922-ஆம் ஆண்டு மரவேலை எந்திர விதிகள் அத்தகட்டையும் மேற்கவசத்தையும் கட்டாயமாக்கின. நூறாண்டுக்கு முன் கட்டாயமான அத்தகட்டைத் தொந்தரவு என்று கழற்றி மூலையில் வீசுதல் தகுமா?

துளைப்பானின் ஆபத்து வேறு வகை. முனை இரும்பில் சிக்கி நின்றுவிட்டால் கருவியே சுழலும், மணிக்கட்டு முறியும். ஆகவே பக்கப் பிடியைக் கழற்றாது இரு கைகளாலும் பிடித்தல் வேண்டும். துளையிடும் பொருளைக் கையால் பிடியாது வைஸில் இறுக்குதல் வேண்டும். தோளில் துண்டு, தொங்கும் கைலி முனை, தளர்ந்த சட்டைக் கை, மணிக்கட்டுக் கயிறு, துணிக் கையுறை ஆகியவை சுழலும் முனையின் அருகே வருதல் கூடாது. மேரி ரிச்சர்ட்ஸின் மேலாடையை நினைவிற் கொள்க.

மின்சாரத்தின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் செய்த ஆய்வுகளில், சராசரியாக ஆண்களுக்கு ஆயிரத்தில் 16 பங்கு ஆம்பியரும், பெண்களுக்கு அதனினும் குறைவாக ஏறத்தாழ 10 பங்கும் பாய்ந்தாலே, பிடித்த பொருளை விட இயலாதபடி கை இறுகிவிடும் என்று தெரிந்தது. நூறு வாட் விளக்கில் ஓடும் மின்னோட்டத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. இந்த ஆய்வின் பயனாகவே 1961-இல் அவர், மின்கசிவை உணர்ந்து தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் அவ்வகையினது. ஆனால் நாம் காண்பது என்ன? பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் கம்பி முனைகளைத் தீக்குச்சி கொண்டு துளைகளில் செருகுகின்றனர். எர்த் கம்பி எங்கோ தொங்குகிறது. மழை ஈரத்தில் நின்று வேலை நடக்கிறது.

மற்றொன்று நம் ஊர்ச் சூழலுக்கே உரியது. வேலை நடுவே மின்சாரம் நின்றால், பூட்டிய சுவிட்சுடன் கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செல்கிறோம். மின்சாரம் திரும்பியவுடன் கருவி தானே ஓடத் தொடங்கும். ஆகவே மின்சாரம் நின்றால் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்தல் வேண்டும். வட்டு மாற்றும்போதும் அவ்வாறே.

விரல் போனால் உடனே தெரியும். நுரையீரல் போவது பல ஆண்டு கழித்தே தெரியும். கல்லையும் கான்கிரீட்டையும் உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் மணற்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயைத் தரும். தூசி எழாதபடி நீர் விட்டு அறுப்பதற்கென்றே அமைந்த கருவியும், தக்க முகமூடியும் இதற்குத் தேவை. கைக்குட்டை கட்டுதல் போதாது.

இன்றும் முடியாத வழக்கு

1855-இன் வழக்கு முடிந்துவிட்டது என்று எவரும் எண்ணற்க. 1999-இல் அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர், விரல் பட்ட மாத்திரத்தில் ஆயிரத்தில் ஐந்து நொடிக்குள் நின்றுவிடும் மேசை ரம்பத்தை வடிவமைத்தார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மரம் அவ்வளவு கடத்தாது. அவ்வேறுபாட்டை உணர்ந்து ஒரு தடைக்கட்டை ரம்பத்தின் பல்லில் பாய்கிறது. பெரிய உற்பத்தியாளர்கள் அதை ஏற்க முன்வரவில்லை. அவர் தாமே நிறுவனம் தொடங்கி 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எல்லா மேசை ரம்பங்களிலும் இவ்வகைக் காவல் கட்டாயமாதல் வேண்டும் என்னும் கோரிக்கை அந்நாட்டில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. விலை கூடும் என்பதும், பயன்படுத்துவோர் கவனமாயிருந்தால் போதும் என்பதும் எதிர்த்தோர் கூற்று. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் சொல் மாறவில்லை.

நம் நாட்டிலோ 1948-ஆம் ஆண்டுச் சட்டம், விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் அதைத் தொழிற்சாலை என்றது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வெண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. நம் இளைஞருட் பெரும்பாலோர் உழைப்பது நான்கு பேர், ஐந்து பேர் கொண்ட பட்டறைகளில். தொழிற்சாலைக்குரிய விதிகள் அவர்தம் வாயிற்படியில் நின்றுவிடுகின்றன. உள்ளே அவரைக் காப்பது அவர்தம் அறிவும் ஒற்றுமையுமே.

இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. அதை ஒவ்வோர் இளைஞரும் மனப்பாடமாக அறிதல் வேண்டும். அளிக்கப்பட்ட காப்புக் கவசத்தைத் தொழிலாளி தெரிந்தே தானாகக் கழற்றியதால் காயம் நேர்ந்ததாயின், விரல் இழப்பு போன்றவற்றுக்கு இழப்பீடு தர முதலாளி கடமைப்பட்டவரல்லர். 1923 முதல் இருந்துவரும் இவ்விதி புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. எனவே கவசத்தைக் கழற்றுபவர் விரலை மட்டுமன்றி உரிமையையும் கழற்றி வைக்கிறார். ஆனால் கவசமில்லாத கருவியைக் கையில் கொடுத்தவர் ஒப்பந்தக்காரர் என்றால் அவ்விதி அவரைக் காவாது. ஆகவே அதைச் சாட்சியோடு குறித்து வைத்தல் இன்றியமையாதது.

மற்றொரு விதியும் உண்டு. இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் எந்தத் தாளும் செல்லாது. விபத்து நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் கோரிக்கை வைத்தல் வேண்டும். நம் இளைஞர் இடக்கையால் இட்ட ரேகை அவருடைய உரிமையைப் பறிக்கவில்லை. அதை நாம் அறிந்தபோது இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இருபத்தைந்து ஆண்டுகள் கல்விப் பணி செய்த நம் கழகம் இதற்காக வருந்துதல் தகும். ஒப்பந்தக்காரர் செய்தது ஒருபுறம் இருக்க, நாம் அறியாதிருந்தது நம் குறையே.

நாம் செய்யத்தக்கவை

கவசம் கழற்றப்பட்ட கருவியை நம் இளைஞர் எவரும் கையில் எடுப்பதில்லை என்று உறுதி பூணுதல் வேண்டும். ஒருவர் மறுத்தால் வேலை போகும். ஒரு தெருவின் இளைஞர் அனைவரும் மறுத்தால் கவசம் வரும். வட்டின் எண்ணைக் கருவியின் எண்ணோடு ஒப்பிடாமல் பொருத்துவதில்லை. கண்ணாடி அணியாமல் அறுப்பதில்லை. எர்த் இல்லாத இணைப்பில் வேலை செய்வதில்லை. இவற்றை மூத்தோர் இளையோர்க்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பயந்தவன் என்று எவரும் நகைத்தால், பத்து விரலும் உள்ள கையை அவருக்குக் காட்டுக.

நம் கழகமும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். இரவுப் பள்ளி நடந்த அதே கூடத்தில், மாதம் ஒரு நாள், கருவிகளைக் கொண்டுவந்து அவற்றின் காவலைப் பிரித்துக் காட்டிப் பொருத்தும் பயிற்சி நடத்தலாம். பட்டறை தொடங்குவோர்க்கு முதலில் ஒரு கசிவுத் துண்டிப்பான் வாங்கிக் கொடுக்கலாம். விபத்து நேர்ந்தால் நாள், இடம், கருவி, சாட்சி ஆகியவற்றை எழுதி வைக்க ஓர் ஏடு திறக்கலாம். இரண்டு ஆண்டுக் காலவரையறை இனி ஒருவர்க்கும் நம் அறியாமையால் கடந்துவிடலாகாது.

விரல் இழந்த அந்த இளைஞர் இன்று இடக்கையால் எழுதப் பழகியுள்ளார். இம்மலருக்கு உறுப்பினர் கையொப்பம் பெற்றபோது அவரும் வந்து தம் பெயரை முழுமையாக எழுதினார். முதற் பயிற்சி நாளில் அந்தக் கூடத்தில் நின்று, கவசத்தைப் பொருத்திக் காட்டிக் கற்பிக்கத் தாம் வருவதாகவும் கூறியுள்ளார். அவரை வரவேற்க நாம் அனைவரும் அங்கு இருத்தல் வேண்டும்.